பார்த்துக்கொள்ளட்டும்

அப்பா இறந்த முப்பத்தெட்டாம் நாள் என் அண்ணன் ஒரு வீட்டுத் தரகரையும், முப்பது மீட்டர் அளவுநாடா ஒன்றையும் கூட்டிக்கொண்டு வந்தான். நாடா நல்ல நாடா. தரகரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

அளக்க வந்தது அப்பாவின் வீட்டை. அதில் இருப்பவள் எங்கள் தங்கை. வயது நாற்பத்தாறு, இன்னும் அவளுக்குப் பெயர் பாப்பா. முன்னறைதான் அவள் பட்டறை. மூன்று பல் மருத்துவர்கள் தங்களிடம் வருகிறவர்களின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் அதை வைத்துப் பல் செட் செய்து கொடுப்பாள். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தாடைகள். முதல்முறை வருகிறவர்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள். "ஊருக்கே செட் பண்ணிக் குடுக்கிறேன், எனக்குத்தான் ஒண்ணும் செட் ஆகல" என்று, வேறு யாரும் சொல்வதற்குள் அவளே சொல்லிவிடுவாள். இந்த வீடு விலைபோனால் அவளுக்குப் படுக்கிற இடம், பிழைக்கிற இடம் இரண்டும் ஒரே நாளில் போகும்.

தரகர் முன்னறையை அளக்க வேண்டும் என்றார். பாப்பா எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த மெழுகுத் தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லை நட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நகந்துக்கறீங்களாம்மா? நாடா அந்த மூலை வரைக்கும் போகணும்."

"என்னையும் சேத்து அளந்துக்கோங்க. நானும் இந்த வீட்டுலதான் ரொம்ப நாளா இருக்கேன்."

"பாப்பா, வெளையாடாத" என்றான் அண்ணன்.

"நானா வெளையாடுறேன்? டேப் வெச்சுக்கிட்டு நிக்கிறது நீ, பெரியண்ணா."

தரகர் என்னைப் பார்த்தார். எந்தக் குடும்பத்திலும் ஒருவன் சும்மா நின்றுகொண்டிருப்பான். தரகர்களுக்கு அவனைப் பார்த்ததும் தெரிந்துவிடும். நான் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பிடிக்கச் சொன்னான், பிடித்தேன். என் வீரம் அந்த மட்டில் இருந்தது.

அண்ணனைக் கெட்டவன் என்று நினைத்துவிட வேண்டாம். டயர் கடை வைத்திருக்கிறான். எதையும் கொஞ்சம் காற்றடித்துப் பெரிதாக்கித்தான் பேசுவான், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டுக்கு வரி கட்டியவன் அவன். மேல்தொட்டி விரிசல் விட்டபோது புதுத் தொட்டியைத் தோளில் சுமந்து ஏற்றியவன் அவன். நான் கீழே நின்று "பாத்துண்ணா, பாத்து" என்று சொன்னேன். அவனுக்கு வீட்டின் மேல் ஒரு நியாயம் இருந்தது. அதைவிட முக்கியமாக, அவன் சட்டைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. அப்பாவின் உயில். அதில் ஒரு வரி: "வீட்டை என் மூத்த மகன் பார்த்துக்கொள்ளட்டும்."

அந்த வரியை எழுதியது நான்.

இங்கே என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். நோட்டீஸ், மருந்துப்பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, எது வந்தாலும் என் மேசையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். விட்டுப்போன க்கன்னா, ப்பன்னாக்களை ஓயாமல் போட்டுக்கொண்டே இருப்பதால் அச்சகத்தில் எனக்கு 'ஒற்று' என்று பெயர். ஒற்று என்றால் வேவு என்றும் பொருள் உண்டு என்பதை அவர்கள் தெரிந்தே வைத்தார்களா என்று கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

அப்பா பேருந்து நிலையத்தில் நேரக்குறிப்பாளராக இருந்தவர். வண்டி வருகிற நேரம், போகிற நேரம் எழுதி எழுதி, பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. "வண்டி லேட்டு." "சாப்பாடு வேணாம்." "இவன் தேறமாட்டான்." கடைசி வாக்கியம் என்னைப் பற்றியது. சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு மத்தியானம், கட்டிலில் சாய்ந்துகொண்டு "எழுது" என்றார். வீட்டில் வேறு யாரும் இல்லை. பாப்பா மருத்துவமனைக்குப் பல் கொடுக்கப் போயிருந்தாள். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

எழுதினேன் என்றா சொன்னேன்? திருத்தினேன். அவர் முதலில் சொன்னது இரண்டே சொல்: "வீடு பாப்பாவுக்கு." அதை ஒட்டியே, "அவதான் இருக்கா, அவளே இருக்கட்டும்" என்றார். இருபத்தேழு வருடப் பழக்கம் எனக்குள் எழுந்து உட்கார்ந்தது. முதல் வாக்கியத்தில் வினைமுற்றைக் காணோம். இரண்டாவது வாக்கியம் முதலாவதையே திரும்பச் சொல்கிறது. கூறியது கூறல்! குற்றம்! ஆகவே முதலாவதை அடித்துவிட்டு, இரண்டாவதைச் சலவை செய்து, "என் வீட்டில் என் மகள் வசித்து வருகிறாள், அவ்வாறே வசித்து வரட்டும்" என்று எழுதினேன். எழுதியபின் தலையைச் சாய்த்து ரசிக்கவும் செய்தேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் மருத்துவரும் எதிர்வீட்டுக்காரரும் வந்து, அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

இறந்த பிறகு உயிலைப் பிரித்துப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. வீடு யாருக்கு என்று அதில் எங்குமே இல்லை. ஒருத்தி வசிக்கிறாள், ஒருவன் பார்த்துக்கொள்கிறான். பெற்றவர் ஒரு வீட்டைக் கொடுத்தார். பிள்ளை அதைப் பிழை என்று அடித்துவிட்டான். இதை வெளியே சொல்லலாம் என்று தினமும் காலையில் நினைப்பேன். பல் துலக்கி முடிப்பதற்குள் தைரியம் கரைந்துவிடும்.

தரகர் போனபின் பாப்பா மெழுகுக்கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "சின்னண்ணா, நீதானே எழுதுன? அப்பா என்னைப் பத்தி வேற ஒண்ணுமே சொல்லலியா?"

"உயிலை வக்கீலம்மாகிட்ட காட்டப்போறோம்ல, அவங்க பாத்துக்குவாங்க பாப்பா" என்றேன். அந்தச் சொல்லை விட்டால் எனக்கு வேறு சொல்லே கிடையாது போலிருக்கிறது.

மூன்று நாள் கழித்து வக்கீலம்மாவிடம் போனோம். பாப்பா வரவில்லை. "ஒருத்தர் ரெண்டு நாளா பல்லு இல்லாம கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கார். என் வீட்டுக்காக அவரு பட்டினி கெடக்கணுமா? நீங்க போய்ப் பேசிட்டு வாங்க" என்றாள். அண்ணனும் நானும் மட்டும் மூன்றாவது மாடி ஏறினோம். படியில் அண்ணன் எனக்காக இரண்டு இடத்தில் நின்றான். மூச்சு வாங்கியது எனக்கு. அவன் வயது ஐம்பத்து மூன்று.

வக்கீலம்மா அறுபதைத் தாண்டியவர். உயிலை மூக்குக்கு அருகே வைத்து இருமுறை படித்தார்.

"யார் எழுதினது இது?"

அண்ணன் என் பக்கம் கட்டைவிரலைச் சாய்த்தான்.

"ஒரு பிழைகூட இல்ல" என்றார். நான் நிமிர்ந்தேன். "அதுதான் கஷ்டம். பிழை இருந்தா, எழுதினவருக்குத் தெரியலைன்னு சொல்லி அர்த்தம் தேடலாம்." நான் குனிந்தேன்.

"அதான் தெளிவா இருக்கே, மேடம். மூத்த மகன் பாத்துக்கட்டும்னு" என்றான் அண்ணன். "கடையை நீ பாத்துக்கன்னு எங்க மாமனார் சொன்னார். கடை இப்ப யாருது? என்னுது. பேச்சுவழக்குதானே?"

"சரி. இதே வார்த்தை அடுத்த வரியிலயும் வருது, பாருங்க. 'தன் தங்கையையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும்.' பாத்துக்கிறதுன்னா சொந்தமாக்கி விக்கிறதுன்னு வெச்சுக்கிட்டா, தங்கச்சியையும் வித்துடலாமா?"

அண்ணன் ஒரு கணம் யோசித்தான். "அவளை யாரு வாங்குவா?"

வக்கீலம்மா சிரிக்காமல் இருக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சிரிப்புக்கு இடமில்லாத பகுதிக்கு வந்தார். ஒரே காகிதத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம் சொல்ல எந்த நீதிபதியும் தயங்குவார். வசித்து வரட்டும் என்பதற்கும் எவ்வளவு பலம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உயில் ஒன்றும் சொல்லவில்லை என்றே முடிவானால் வீடு மூன்று பேருக்கும் சமம். அப்புறம் மூவரில் ஒருவர் கேட்டாலும், பிரிக்க முடியாத வீடு என்று விற்கச் சொல்லிவிடுவார்கள்.

"அப்போ கேப்போம்" என்றான் அண்ணன். "நாங்க என்ன, அவளைத் தெருவுலயா விடப்போறோம்? அவ பங்கு அவளுக்கு வரும். எங்கயாவது ஒரு ரூம் எடுத்துக்கட்டும்."

"தாடையெல்லாம்?" என்றேன்.

"என்ன தாடை?"

"அலமாரியில இருக்கிறது. நானூறு ஐந்நூறு இருக்கும். ஒரு ரூம்ல அதையும் வெச்சுட்டு அவ எங்கண்ணா படுப்பா?"

"நடுவுல படுக்கட்டும். கடிக்காது."

அதைச் சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொன்னது அவனுக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறந்தது. தைரியம் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். தும்மல் வருகிற மாதிரி வந்தது.

"அண்ணா, அப்பா இப்படிச் சொல்லல."

"எப்படிச் சொல்லல?"

"இதுல இருக்கிற மாதிரி. எழுதினது நான்."

"நீதான் எழுதினன்னு தெரியும்டா. 'அவ்வாறே வசித்து வரட்டும்'னு வேற எவன் எழுதுவான்?"

"மொதல்ல அவர் சொன்னது 'வீடு பாப்பாவுக்கு'ன்னு. அடுத்து 'அவளே இருக்கட்டும்'னு. ரெண்டும் ஒண்ணுதானேன்னு மொதல் வாக்கியத்தை எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா?"

"கூறியது கூறல்" என்றேன். அந்த அறையில் அதைவிட முட்டாள்தனமான விளக்கம் அதற்கு முன் சொல்லப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்; அங்கே வருகிறவர்கள் எல்லோரும் சொத்துத் தகராறுக்காரர்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "நான் ஒண்ணு சொல்லிடறேன். காகிதத்துல இல்லாததை நீங்க கேட்டேன்னு சொன்னா, கோர்ட்டுல அதுக்குப் பெருசா மதிப்பு இருக்காது. அதுவும் எழுதினவரே வந்து, நான் தப்பா எழுதிட்டேன்னா, தங்கச்சிக்காகப் பொய் சொல்றார்னுதான் எதிர் வக்கீல் சொல்லுவார்."

"எதிர் வக்கீல் என்ன, நானே சொல்றேன்" என்றான் அண்ணன். "நாப்பத்தொரு நாள் வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"வெக்கமா இருந்துச்சுண்ணா."

"வெக்கம்! அவர் பேசினதை மாத்தறப்போ வரலியா?"

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வரும் பீப் பீப் சத்தம் நெடுநேரம் கேட்டது. அண்ணன் உயிலை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"சரி. சொல்லு. அவர் சொன்னதை அப்படியே சொல்லு."

"என் மூத்த மகன் இதற்கு…"

"டேய். அப்பா என்னிக்குடா என்னை மூத்த மகன்னு சொன்னார்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திருத்துவதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் படிப்பது என் வழக்கம். அதனால் எதுவும் மறப்பதில்லை. அப்பாவின் மூச்சு இடைவெளிகளோடு சொன்னேன்.

"'வீடு பாப்பாவுக்கு. அவதான் இருக்கா, அவளே இருக்கட்டும். பெரியவன் குதிப்பான். குதிக்கட்டும். கூரை ஒழுகினா அந்த மடையன்தான் பாத்துக்கணும். அவளையும்தான்.' இங்க இருமினார். தண்ணி குடிச்சார். அப்புறம், 'பாத்துக்குவான்'ன்னார். அவ்வளவுதான்."

அண்ணன் காகிதத்தை மேசையில் வைத்தான்.

"மடையன்னா சொன்னார்?"

"ஆமா. உயில்ல எப்படி எழுதறதுன்னு…"

"அதையும் எடுத்துட்ட."

"எடுத்துட்டேன்."

அவன் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. சிரிப்பா, வேறு எதுவுமா என்று சொல்ல எனக்குப் போதிய அறிவில்லை. இந்தக் காகிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அவன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தான். எத்தனையோ முறை பிரித்துப் படித்திருப்பான். அதில் அவனுக்கு வீடு கிடைத்திருந்தது, அப்பா கிடைக்கவில்லை. இது நானாக ஊகித்தது, அவன் சொல்லவில்லை.

"கடைசியா சொன்னது என்ன? பாத்துக்கணும்னா, பாத்துக்குவான்னா?"

"மொதல்ல பாத்துக்கணும். இருமலுக்கு அப்புறம் பாத்துக்குவான்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் தொழிலே அதுதானேண்ணா."

"உன் தொழில் லட்சணம்தான் இந்தக் காகிதத்துல தெரியுதே."

எழுந்து வெளியே போனான். கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணாடி வழியே தெரிந்தது. நான் காகிதத்தைப் பார்த்தேன். பாத்துக்கணும் என்றால் கட்டளை. பாத்துக்குவான் என்றால் நம்பிக்கை. இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டுமில்லாத 'பார்த்துக்கொள்ளட்டும்' என்று ஒன்றை நான் போட்டிருந்தேன். ஒற்றெல்லாம் சரியாக இருந்தது.

அண்ணன் உள்ளே வந்து உட்காராமலே கேட்டான்: "எங்க ரெண்டு பேர் பங்கையும் அவளுக்கு விட்டுக்குடுக்கிற மாதிரி எழுத முடியுமா?"

"முடியும். ஆனா அவசரப்படாதீங்க. வீட்டுல கலந்து பேசிட்டு, ஒரு வாரம் கழிச்சு…"

"வேணாம் மேடம். வீட்டுக்குப் போனா எனக்குப் புத்தி வந்துடும். அதுக்குள்ள எழுதிடுங்க."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"அவனுக்கு என்ன, எழுதினதுக்கு அபராதம்" என்றான் அண்ணன். நான் தலையாட்டினேன். வக்கீலம்மா சொல்லச் சொல்ல, வெளியறையில் தட்டச்சுக்காரப் பெண் அடித்தாள். நான் எழுந்து எட்டிப் பார்க்கப் போனேன். அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து உட்காரவைத்தான்.

அண்ணியிடம் சொல்வது யார் என்பதில் திரும்பும் வழியெல்லாம் பேச்சுவார்த்தை நடந்தது. அவள் அதற்குள் அந்த வீட்டை விற்று, பாதியைச் செலவும் செய்து முடித்திருந்தாள், மனசுக்குள். "நீ வந்து கூட நில்லு. அவ திட்டறப்போ உன் பக்கம் கையைக் காட்டணும்" என்றான் அண்ணன். எனக்கு அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஆனால் முதலில் பாப்பாவிடம் போனோம்.

முன்னறையில் பளபளப்பாக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடியும் கண்ணாடியுமாக, ரோஸ் நிற ஈறு ஒன்றைச் சக்கரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வாசலில் நின்று சொன்னான். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி, டயர் கடைக் குரலில் சொன்னான்: "வீடு உனக்குன்னு எழுதியாச்சு! நாளைக்கு வந்து கையெழுத்துப் போடு!"

பாப்பா மோட்டாரை நிறுத்தினாள். முகமூடியைக் கழற்றவில்லை.

"யார் சொன்னா?"

"அப்பா. இவன் அடிச்சுட்டான். கதை பெருசு, அப்புறம் சொல்லச் சொல்லு, சிரிப்ப."

அவள் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணாடி முழுக்கப் பொடி படிந்திருந்ததால் என்ன பார்வை என்று தெரியவில்லை. அதற்காக நான் அந்தப் பொடிக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பிறகு கையிலிருந்த பல்லைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "வரி யாரு கட்டணும்?" என்றாள்.

"நீதான்" என்றான் அண்ணன்.

"அடப்பாவி."

நாற்காலியில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். இடதுபக்கச் சுவருக்குப் போய், ஓர் அலமாரியிலிருந்து தாடைகளை இரண்டு கையாலும் அள்ளி மேசையில் வைத்தாள். அலமாரியை நகர்த்த எங்களைக் கூப்பிடவில்லை. தோளால் முட்டி நகர்த்தினாள். பின்னால் சுவர் வேறு நிறத்தில் இருந்தது. அச்சில் குறி போடுகிற பென்சிலை எடுத்து, அதில் ஒரு கட்டம் போட ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"ஜன்னல். இத்தனை வருஷமா டியூப் லைட்டுல பல்லோட கலர் பாக்கிறேன். பகல் வெளிச்சத்துல வேற கலரா இருக்கு, போட்டவங்க வந்து சண்டை போடுறாங்க. அப்பாகிட்ட கேட்டா, பெரியவனைக் கேளும்பார். உன்னைக் கேட்டா, செவுத்துல கை வைக்காதம்ப."

"இப்பவும் அதான் சொல்றேன். அது பாரம் தாங்குற செவுரு. நடுவுல ஓட்டை போட்டா மேல பீம்ல விரிசல் விடும்."

"யார் வீடு இது?"

அண்ணன் வாயை மூடினான். திறந்தான். "உன் வீடுதான். இடிஞ்சா உன் தலைமேலதான் விழும், அதையும் சேத்துத்தான் எழுதியிருக்கு."

"விழட்டும்" என்று அவள் நான்காவது கோட்டையும் போட்டு முடித்தாள். கட்டம் கொஞ்சம் கோணலாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் பக்கத்தில் போய், விரல் கணுவால் சுவரை இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தான். ஓர் இடத்தில் சத்தம் மாறியது.

"இந்தப் பக்கம் தள்ளி வெச்சா பீம் மேல வராது" என்றான், சுவரைப் பார்த்தே.

"எவ்வளவு?"

"ஒரு முழம்."

"அவ்வளவு தள்ளினா வெளிச்சம் மேசை மேல விழாது. ஒரு சாண்."

"ஒண்ணரை சாண்."

பாப்பா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள். புறங்கையால் கோட்டை அழித்தாள். சரியாக அழியவில்லை. அதன் மேலேயே, ஒன்றேகால் சாண் தள்ளி, மறுபடி போட ஆரம்பித்தாள்.